கைச்சீட்டு என்றால் என்ன? புரோநோட்டும் அதுவும் ஒன்றா?

கேள்வி இதுதான். சேலம் குகையில் இருந்த பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு பழைய கடிதம் கிடைத்திருக்கிறது. "மண்டிக்காரரிடம் என் கைச்சீட்டு இரண்டு நிற்கிறது, தை பிறந்ததும் மீட்டுவிட வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கிறார். அதே பெட்டியில் அவர் கைப்பட எழுதிய இரண்டு சிறு தாள்களும் இருக்கின்றன. இரண்டிலும் கையெழுத்து இருந்த ஓரம் கிழிந்திருக்கிறது. கைச்சீட்டு என்பது புரோநோட்டுதானா, இப்போதும் அந்தச் சொல் புழங்குகிறதா, அந்தக் கடனுக்கு இன்றைக்குப் பேரன் பேத்திகள் பொறுப்பா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். பயப்பட ஒன்றுமில்லை. கடன் வாங்கியவர் எழுதிய சீட்டு கடன் கொடுத்தவரிடம்தான் இருக்கும். பணம் கட்டினால்தான் எழுதியவர் கைக்குத் திரும்பும். தாத்தா எழுதிய சீட்டு தாத்தா பெட்டியிலேயே, கையெழுத்து கிழிந்து கிடக்கிறது என்றால், அவர் கடனை அடைத்து சீட்டை மீட்டுவிட்டார் என்று அர்த்தம். கையெழுத்துப் பக்கத்தைக் கிழித்துக் கொடுப்பது கணக்குத் தீர்ந்ததற்கு அடையாளம். கிழிக்க மனமில்லாதவர்கள் குறுக்கே 'பைசல்' என்று எழுதிக் கொடுப்பார்கள். பெட்டியில் வேறு யாராவது கையெழுத்துப் போட்ட சீட்டு முழுசாக இருந்தால்தான் கதை வேறு. அது அவர்கள் உங்கள் தாத்தாவுக்குத் தர வேண்டியிருந்த பணம்.

இனி சொல்லுக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் கணக்கெழுதி, அப்புறம் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். இந்தத் தாள்கள் எழுதப்படும் இடமும் தெரியும், அவை கோர்ட்டுக்கு வந்து இழுபடும் இடமும் தெரியும்.

கைச்சீட்டு என்பது கடன் வாங்கியவர் தன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சிறு தாள். "உங்களிடம் இவ்வளவு வாங்கியிருக்கிறேன்" என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆபீஸ் கேஷியரின் மேசை டிராயரில் 'ஐஓயூ' என்று ஒரு துண்டுத்தாள் கிடக்குமே, அவசரச் செலவுக்குப் பணம் எடுத்தவர் எழுதிவைப்பது, அதேதான். மண்டியில் அது இப்படி இருக்கும்: மேலே பிள்ளையார் சுழி, ஓரத்தில் தேதி, நடுவில் "முதலாளி அவர்களுக்கு, இன்று ஆள் மூலம் பற்றியது ரூ. 150, எழுத்தால் நூற்றைம்பது", கீழே கையெழுத்து. வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எப்போது தருவேன் என்பதும் கிடையாது. அதெல்லாம் இருவருக்கும் தெரிந்த விஷயம். வெல்லம் கொண்டுவந்து போடும் அன்று கணக்கில் கழிந்துவிடும், கணக்குப்பிள்ளை கம்பியில் குத்திவைத்த சீட்டை உருவிக் கொடுத்துவிடுவார்.

நம் பணப் பேச்சில் 'கை' நிறைய வரும்: கைமுதல், கைக்காசு, கையிருப்பு, கைமாற்று. இதில் கைமாற்று, பேச்சில் கைமாத்து, தாளே இல்லாத கடன். நாளைக்கோ வாரக் கடைசியிலோ திரும்பிவிடும், அதற்கு வட்டி கேட்பது மரியாதை இல்லை. தொகை கொஞ்சம் பெரிதானாலோ, நாள் தள்ளும் என்று தெரிந்தாலோ கைச்சீட்டு. வட்டி பேச்சில் வந்துவிட்டால் புரோநோட்டு. அதற்கும் மேலே போனால் நகை, வீட்டுப் பத்திரம். ஒருத்தர் "கைமாத்தா குடுங்க" என்கிறாரா, "நோட்டு எழுதித் தர்றேன்" என்கிறாரா என்பதை வைத்தே பணம் எப்போது திரும்பும் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

சீட்டோடு சேர்ந்து வரும் வினைகளையும் கவனியுங்கள். சீட்டு எழுதிக் கொடுப்பது, சீட்டு நிற்பது, சீட்டை மீட்பது, சீட்டைக் கிழிப்பது. பாக்கி நிற்கிறது என்கிறோமே, அந்த 'நிற்கிறது'தான் தாத்தாவின் கடிதத்தில் இருப்பதும். ஆபீசில் "அவன் சீட்டைக் கிழிச்சுட்டாங்க" என்றால் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று பொருள், அது வேறு சங்கதி. இன்றைக்கு 'சீட்டு' என்று தனியாகச் சொன்னால் சேலத்தில் எவர் காதிலும் ஏலச்சீட்டு என்றுதான் விழும். கைச்சீட்டு என்ற சொல் ஒதுங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதன் இடத்தை 'நோட்டு' பிடித்துக்கொண்டது. "நோட்டு மேல வாங்கினேன்", "அவன்கிட்ட என் நோட்டு மாட்டிக்கிச்சு" என்றால் இங்கே யாரும் ரூபாய் நோட்டையோ பள்ளிக்கூட நோட்டையோ நினைக்க மாட்டார்கள். கணக்குப்பதிவியல் பாடப் புத்தகத்தில் 'கடனுறுதிச் சீட்டு' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. தேர்வு எழுதியவர்களைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதைவிடப் பழைய சொல் ஒன்று உண்டு: முறி. எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்று பொருள். நம் பக்கத்துப் பேச்சில் அது போய்விட்டது, இலங்கைத் தமிழில் உயிரோடு இருக்கிறது. கொழும்புச் செய்திகளில் வரும் 'பிணைமுறி', 'திறைசேரி முறி' எல்லாம் இதே முறிதான். இங்கேயும் செக் திரும்பி வந்தால் போடும் வழக்குக்கான சட்டத்தைச் 'செலாவணி முறிச் சட்டம்' என்று எழுதுகிறோமே, அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, கைச்சீட்டும் புரோநோட்டும் ஒன்றா? இல்லை. இந்த வித்தியாசத்தை அந்தச் செலாவணி முறிச் சட்டமே, 1881இல் எழுதப்பட்டபோதே, உதாரணம் போட்டு விளக்கியிருக்கிறது. நான்காவது பிரிவு புரோநோட்டு எது என்று சொல்கிறது: எழுத்தில் இருக்க வேண்டும், எழுதிக் கொடுப்பவர் கையெழுத்து வேண்டும், குறிப்பிட்ட தொகையை, பணமாக மட்டும், நிபந்தனை எதுவும் இல்லாமல், குறிப்பிட்ட ஒருவருக்கோ அவர் உத்தரவு பெற்றவருக்கோ தருகிறேன் என்ற உறுதி வேண்டும். அதன் கீழே வரிசையாகச் சில மாதிரி வாசகங்கள். "ஐநூறு ரூபாய் தருவதாக உறுதி சொல்கிறேன்" என்பது புரோநோட்டு. "ஆயிரம் ரூபாய் கடன்பட்டிருக்கிறேன், கேட்கும்போது தரப்படும்" என்பதும் புரோநோட்டு. ஆனால் வெறுமனே "ஐஓயூ ஆயிரம் ரூபாய்" என்பது புரோநோட்டு ஆகாது. அதாவது நம் கைச்சீட்டு ஆகாது. "வாங்கியிருக்கிறேன்" என்று ஒப்புக்கொள்கிறது, "தருகிறேன்" என்று சொல்லவில்லை. கடன் இருந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். தருவதாகக் கொடுத்த வாக்கு அல்ல.

அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு மாதிரிகள் எனக்குப் பிடித்தவை. ஒருத்தர், இன்னாரோடு எனக்குக் கல்யாணம் ஆகி ஏழாம் நாள் ஐநூறு ரூபாய் தருகிறேன் என்கிறார். இன்னொருத்தர், ஐநூறு ரூபாயும் வருகிற ஜனவரி முதல் தேதி என் கறுப்புக் குதிரையும் தருகிறேன் என்கிறார். இரண்டும் புரோநோட்டு ஆகாது. கல்யாணம் நடக்காமல் போகலாம் என்பதால் முதலாவது செல்லாது. பணத்தோடு குதிரையும் வந்து நிற்பதால் இரண்டாவது செல்லாது.

வெள்ளைக்காரன் காலத்துக் குதிரை நமக்கு எதற்கு என்று தோன்றும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்தால் புரியும். வியாபாரி பட்டறைக்காரரிடம் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், அது கொலுசாகித் திரும்பி வரும்போது சேதாரமும் கூலியும் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். இடையில் எழுதும் சீட்டில் ரூபாயே இருக்காது. இத்தனை கிராம், இன்ன டச்சு (வெள்ளியின் சுத்த அளவு) வெள்ளி நிற்கிறது என்றுதான் இருக்கும். வெள்ளியைத் தருகிறேன் என்று எவ்வளவு திருத்தமாக எழுதினாலும் அது புரோநோட்டு ஆகாது, ஏனென்றால் வெள்ளி பணமல்ல, கறுப்புக் குதிரையின் இனம். அந்தச் சீட்டை வைத்து வழக்குப் போட முடியாது என்பதில்லை. போட்டால் அது சாதாரண ஒப்பந்த வழக்கு, புரோநோட்டுக்கு உள்ள சலுகை எதுவும் கிடைக்காது.

ஏற்காட்டு மலையில் கல்யாணக் கதைதான். "காப்பிப் பழம் எடுத்ததும் தருகிறேன்", "மிளகு விற்றதும் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் எழுதியவர் மனசு சுத்தமாக இருக்கலாம், ஆனால் சட்டத்தின் பார்வையில் அது நிபந்தனை. காப்பி கருகிப்போன வருடம் என்ன செய்வது? அதனால் விவரம் தெரிந்தவர்கள் பேச்சில் "தை மாசம் குடுக்கறேன்" என்றாலும் தாளில் "கேட்கும்போது தருகிறேன்" என்றே எழுதிக்கொள்வார்கள். தாளில் ஒன்று, வாய்ச்சொல்லில் ஒன்று என்று இரண்டு தவணை ஓடும். தகராறு வந்தால் தாளில் உள்ளதுதான் நிற்கும்.

சலுகை என்றேனே, அது என்ன? புரோநோட்டில் கையெழுத்து தன்னுடையது என்று நிரூபணமாகிவிட்டால், பணம் கைமாறியது என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். அதே செலாவணி முறிச் சட்டத்தின் 118ஆம் பிரிவு. "கையெழுத்து என்னுடையதுதான், பணம் வாங்கவில்லை" என்றால் அதைக் காட்ட வேண்டியது எழுதிக் கொடுத்தவர் பாடு. கைச்சீட்டுக்கு இந்த ஊகம் கிடையாது. அதனால்தான் கடன் கொடுப்பவர் எவரும் அச்சடித்த நோட்டு ஃபாரத்தை நீட்டுகிறார். அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் அது கிடைக்கும்.

அந்த ஃபாரத்தின் வாசகத்தை ஒரு முறையாவது நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய இப்படிப் போகும்: "சேலம் மாவட்டம் இன்ன வட்டம் இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் அவர்களுக்கு, இன்னார் குமாரர் இன்னார் எழுதிக் கொடுத்த ஆன் டிமாண்டு பிராமிசரி நோட்டு என்னவென்றால், என் குடும்பச் செலவுக்காகவும் சில்லறைக் கடன்களைத் தீர்ப்பதற்காகவும் நான் இன்று தங்களிடம் ரொக்கமாகப் பற்றிக்கொண்ட ரூபாய் இவ்வளவு. இந்தத் தொகைக்கு மாதம் 1க்கு நூற்றுக்கு ரூ. 2 வீதம் வட்டி சேர்த்து, தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்காவது அசலும் வட்டியும் செலுத்தி இந்த நோட்டை வாபஸ் பெற்றுக்கொள்வேனாகவும்." மகள் கல்யாணத்துக்கு வாங்கினாலும், தறிக்கு நூல் எடுக்க வாங்கினாலும், ஃபாரத்தில் குடும்பச் செலவும் சில்லறைக் கடனும்தான். கீழே ரெவின்யூ ஸ்டாம்ப், வழக்கமாக ஒரு ரூபாய்த் தலை. கையெழுத்து பாதி ஸ்டாம்ப்பின் மேலும் பாதி தாளிலும் விழ வேண்டும், அந்த ஸ்டாம்ப்பைப் பிய்த்து வேறெங்கும் ஒட்ட முடியாதபடி. ஸ்டாம்ப் இல்லாத கிரய ஒப்பந்தத்தை அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை எவ்வளவு அபராதம் கட்டினாலும் சாட்சியமாகக் காட்ட முடியாது, 1899ஆம் வருட முத்திரைச் சட்டம் அதில் ரொம்பக் கறார்.

நோட்டைத் திருப்பிப் பாருங்கள், விஷயமே அங்கேதான். பின்பக்கத்தில் "இன்ன தேதி வட்டியில் வரவு ரூ. 500" என்று எழுதி, கடன் வாங்கியவர் கையெழுத்துப் போட்டிருப்பார். கேட்கும்போது தரும் நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு தொகை கட்டி, கட்டியவர் கைப்பட வரவும் ஏறிவிட்டால், அந்தத் தேதியிலிருந்து இன்னொரு மூன்று வருடம் பிறக்கும். "சும்மா ஒரு நூறு ரூபா குடுத்து பின்னால ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று வட்டிக்கடையில் அன்பாகச் சொல்வது இதற்காகத்தான். நூறு ரூபாய்க்காக அல்ல. மூன்று வருடம் தாண்டிய நோட்டில் வரவு ஏற்றினால் உயிர் வராது, புதிதாக எழுத்தில் வாக்குக் கொடுத்தால்தான் உண்டு. காலாவதி என்றால் கோர்ட் கதவு மூடுகிறது, அவ்வளவுதான். கடன் தீர்ந்துவிட்டதாகச் சட்டம் சொல்வதில்லை.

இன்னொரு வழி, நோட்டை மாற்றி எழுதுவது. பத்தாயிரம் ரூபாய், நூற்றுக்கு இரண்டு வட்டி, மூன்று வருடமாகப் பைசா கட்டவில்லை. வட்டி 7,200. பழைய நோட்டைக் கிழித்துவிட்டு 17,200க்குப் புது நோட்டு. இன்னொரு மூன்று வருடம் போனால் வட்டி மட்டும் 12,384. அடுத்த நோட்டு 29,584. கைக்கு வந்தது என்னவோ பத்தாயிரம்தான், ஆனால் மூன்றாவது நோட்டிலும் "இன்று ரொக்கமாகப் பற்றிக்கொண்ட" என்றுதான் எழுதியிருக்கும்.

இந்த வித்தையை நன்றாகத் தெரிந்த ஒருவர் எங்கள் ஊர் வக்கீல். சேலத்தில் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1937இல் சென்னை மாகாண முதல்வரானார். அப்போதைய பேச்சில் பிரதமர். அடுத்த வருடமே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது, 1938இன் 4ஆம் சட்டம். 1932 அக்டோபர் 1க்கு முன் விவசாயி வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 1937 அக்டோபர் 1 என்பது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிய நாளும்கூட. மதுவிலக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இந்தச் சட்டத்தைப் பற்றி வக்கீல் ஆபீசுக்கு வெளியே பேசுபவர் இல்லை. கிராமத்துக் குடும்பங்களுக்கு எது அதிகம் உதவியது என்று கேட்டால் நான் இந்தச் சட்டத்தைத்தான் சொல்வேன். அப்புறம் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் எல்லாம் பேர் சொல்லியே தடை. பேர்கள் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

சொந்தத்துக்குள் நோட்டு கேட்பது எப்போதும் சங்கடம்தான். "ஏப்பா, மாமன்கிட்டயே நோட்டு கேக்கறயா?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது. கைச்சீட்டு அந்த இடத்தில் நன்றாகப் பொருந்தியது. "மறந்துடாம இருக்கத்தான் மாமா" என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் தலைக்குனிவு இல்லை. இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. "மாமா, இன்னிக்கு வாங்குன 15,000 தீபாவளிக்குள்ள தந்தர்றேன்" என்று ஒரு மெசேஜ் வந்தால் அதுதான் இந்தக் காலத்துக் கைச்சீட்டு. தகராறு வந்தால் சாட்சியமாக உதவும். ஆனால் புரோநோட்டு ஆகாது. தனி ஆட்களுக்குள் வாங்கும் கடனுக்கு எலக்ட்ரானிக் நோட்டைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பதில்லை.

வாரிசுப் பொறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பன் கடன் பிள்ளை தலையில் என்பது பழைய இந்து சட்டத்தில் தர்மக் கடமையாகவே இருந்தது. 2005ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, மகன், பேரன் என்ற ஒரே காரணத்தைக் காட்டி வசூலிக்க முடியாது. இறந்தவர் விட்டுப்போன சொத்து கைக்கு வந்திருந்தால் அந்தச் சொத்து அளவுக்குப் பொறுப்பு உண்டு.

இன்றைக்கு யாராவது நோட்டு எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நான் சொல்வது இவ்வளவே. நிரப்பாத ஃபாரத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடவே கூடாது. செலாவணி முறிச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை வைத்திருப்பவருக்கு நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். வட்டி வீதத்தையும் காலியாக விடாதீர்கள். நோட்டில் வீதம் குறிப்பிடாவிட்டால் சட்டமே வருடத்துக்கு 18 சதவீதம் என்று வைத்திருக்கிறது. கடன் கொடுப்பவர் பெயர் இருக்க வேண்டும், வைத்திருப்பவர் யாரானாலும் தருகிறேன் என்று தனி ஆள் நோட்டு எழுத ரிசர்வ் வங்கிச் சட்டம் அனுமதிப்பதில்லை. தொகை 20,000 அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாக வாங்குங்கள், வருமான வரிச் சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது. கட்டி முடித்த அன்றே நோட்டைக் கையில் வாங்கிவிடுங்கள். "பீரோல எங்கயோ இருக்கு, அப்பறம் தர்றேன்" என்று பதில் வந்தால், இன்ன தேதியிட்ட நோட்டுக்கு அசலும் வட்டியும் முழுசாகப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு ரசீது எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே வாசல் படி இறங்குங்கள்.